லினக்ஸில் ஒரு ஐபியை மட்டும் தற்காலிகமாக நிறுத்த முடியுமா?

ஒரே நெட்வொர்க் கார்டில் மூன்று ஐபி இருக்கிறது, கார்டை டவுன் செய்யாமல் ஒன்றை மட்டும் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டுப் பழையபடி கொண்டுவர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஐபிவி4-ஐப் பொறுத்தவரை லினக்ஸில் முகவரிக்கென்று தனி ஆஃப் சுவிட்ச் கிடையாது. சேர்க்கலாம், நீக்கலாம், அவ்வளவுதான். ஆனால் முகவரியை நீக்கும் 'ஐபி அட்ரஸ் டெல்' கட்டளையை அடிக்கும் முன், இருப்பவற்றைக் காட்டும் 'ஐபி அட்ரஸ் ஷோ' போட்டு, எந்த முகவரிக்குப் பக்கத்தில் 'செகண்டரி' என்று வருகிறது என்று கட்டாயம் பாருங்கள். ஒரே சப்நெட்டில் (ஒரே முகவரித் தொகுதியில்) முதலில் சேர்த்தது பிரைமரி, பிறகு சேர்த்தவை செகண்டரி. உதாரணமாக 10.0.0.5/24 பிரைமரி, அதே சப்நெட்டில் 10.0.0.6, 10.0.0.7 இரண்டும் செகண்டரி என்றால், 5-ஐ நீக்கும்போது மற்ற இரண்டும் சேர்ந்தே போய்விடும். 'ப்ரமோட்_செகண்டரீஸ்' என்ற கெர்னல் அமைப்பு 1 ஆக இருந்தால்தான் 6 பிரைமரியாகி மிஞ்சும். கெர்னலின் இயல்பு மதிப்பு 0, சில டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் வகைகளில்) சிஸ்டத்தைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி அதை 1 ஆக்கியிருக்கும், அதனால் உங்கள் மெஷினில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

சரி, 1 ஆகவே இருக்கட்டும், அப்போதும் 5-ஐத் திரும்பச் சேர்த்தால் அது செகண்டரியாகத்தான் வரும், வெளியே போகும் கனெக்‌ஷன்கள் 6-இன் பெயரில் போக ஆரம்பிக்கும், எதிர்முனை ஃபயர்வாலில் 5-க்கு மட்டும் அனுமதி இருந்தால் எல்லாம் அங்கேயே நிற்கும். 5-ஐ சோர்ஸாக (அனுப்பும் முகவரியாக) வைத்து எழுதிய ரூட்களும் (பாக்கெட் போகும் வழிகளும்) அதோடு அழியும், தானாகத் திரும்பி வராது. செகண்டரியை நீக்கினால் மற்ற முகவரிகள் போகாது, பிரைமரியும் மாறாது; அதை சோர்ஸாக வைத்து எழுதிய ரூட்கள் இருந்தால் அவை மட்டும் அழியும்.

ஐபிவி6 முகவரி என்றால் அருமையான வழி ஒன்று உண்டு. அந்த முகவரியைப் புதிய கனெக்‌ஷன்களுக்கு எவ்வளவு நேரம் விரும்பி எடுக்கலாம் என்று சொல்லும் 'ப்ரிஃபர்ட் லைஃப்டைம்'-ஐ 0 ஆக்குங்கள். முகவரி 'டெப்ரிகேட்டட்' ஆகும். சர்வர் புதிதாகத் தொடங்கும் கனெக்‌ஷன்களுக்கு அதை எடுக்காது, ஓடிக்கொண்டிருப்பவை அறுபடாது. உள்ளே வருவதை மட்டும் இது தடுக்காது, அதற்கு ஃபயர்வால் விதிதான்.

இந்த விஷயத்தை ஒழுங்காக யோசித்துச் செய்தது சோலாரிஸ் என்ற யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் என்பேன். 2011-இல் வந்த சோலாரிஸ் 11-இன் 'ஐபிஅட்ம்' கட்டளையில் டவுன், டிஸேபிள், டெலீட் மூன்றும் தனித்தனி. டவுன் செய்தால் முகவரி கார்டிலேயே இருக்கும், பாக்கெட் மட்டும் போகாது, வராது. டிஸேபிள் எப்போதுமே தற்காலிகம்தான்: சேமித்த கான்ஃபிகை அது தொடாது, எனேபிள் கொடுத்தாலோ ரீபூட் செய்தாலோ முகவரி திரும்பிவிடும். டெலீட் சேமித்ததையும் சேர்த்தே அழிக்கும்.

உங்களுக்கு லினக்ஸ்தான் என்பதால், நிறுத்தப்போவது பிரைமரி என்றால் முகவரியைத் தொடாமல் அந்த ஐபிக்கு வரும் டிராஃபிக்கை மட்டும் ஃபயர்வாலில் டிராப் செய்யுங்கள். அப்புறம், நீங்கள் எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலிருந்து மெஷினுக்குள் நுழையும் வழியில்) உள்ளே வந்திருப்பது அதே ஐபி வழியாக இல்லையே என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.