கேளுங்கள், சொல்கிறோம்: டிராகன் தலை ஆடினால் ஒட்டலாமா?

சிங்கப்பூரில் வாங்கிய சீனக் களிமண் டீ கெண்டியின் மூடியில் டிராகன் தலை இருக்கிறது. தொட்டால் ஆடுகிறது. ஃபெவிக்விக் வைக்கலாமா?
- வாசகி, அண்ணா நகர்

வைத்துவிடாதீர்கள்! அது உடையவில்லை. மஞ்சள் ஆற்றின் டிராகன் வாசலைத் தாண்டும் கெண்டை மீன் டிராகனாக மாறும் என்பது சீனக் கதை. அதை வைத்துச் செய்த கெண்டி இது. தலை தனித் துண்டு. டீ ஊற்றச் சாய்த்தால் வெளியே நீளும், நிமிர்த்தினால் உள்ளே போகும். ஒட்டினால் அந்த ஆட்டம் போய்விடும், சூட்டில் பசையும் இளகும். இடுக்கில் டீக்கறை ஏறித் தலை சிக்கினால், மூடியை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மெத்தென்ற டூத் பிரஷால் தேய்த்தால் போதும். மூடியைத் தூக்கும்போது விளிம்பைப் பிடியுங்கள், தலையை அல்ல.

இதே மாதிரிக் கெண்டியில் இஞ்சி டீ போட்டோம். அலமாரியில் வைத்ததும் பூசணம். சோப்பு போட்டும் வாடை போகவில்லை.
- வாசகர், மயிலாப்பூர்

பால், சோப்பு இரண்டுமே இதற்கு ஆகாது. இந்தக் கெண்டிகளுக்குப் பேர்போன சீன ஊரான யீசிங்கின் மண்ணை 1,100 டிகிரிக்கு மேல் சுட்டாலும், மேலே கிளேஸ் (கண்ணாடி போன்ற பூச்சு) பூசுவதில்லை. நுண்துளைகளில் பாலின் கொழுப்பு இறங்கிச் சிக்கு வாடை அடிக்கும். சோப்பு போட்டால் அந்த மணமும் கூடவே தங்கும்.

அகலமான பாத்திரத்தின் அடியில் துணியை மடித்துப் போட்டு, கெண்டியையும் மூடியையும் தனித்தனியாக வையுங்கள். முழுகும் அளவுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, அதிலேயே ஆறவிடுங்கள். தண்ணீரை மாற்றி இரண்டு மூன்று முறை செய்யலாம். கடைசி முறை இரண்டு ஸ்பூன் டீத்தூள் போடுங்கள். சூடான கெண்டியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும். அதுவும் பெரும்பாலும் கால், வால், கொம்பு ஒட்டிய இடத்தில்தான். போர் தண்ணீர் வேண்டாம், மீன் செதில்களில் உப்பு வெள்ளையாகப் படியும். கேன் தண்ணீரே நல்லது.

சென்னை ஈரத்துக்கு ஒருநாள் காயவைத்தால் போதாது. மூடியைக் கழற்றி இரண்டு நாள் காற்றாட வையுங்கள். பிறகும் மூடாமலே வைப்பது உத்தமம். இனி பாலில்லாத டீ மட்டும்: 150 மில்லிக்கு 5 முதல் 7 கிராம் ஊலாங் என்ற சீன டீ, அல்லது முழு இலை நீலகிரி டீ. டஸ்ட் டீ மூக்கின் உள்துளைகளை அடைத்துவிடும்.

ஆன்லைனில் 900 ரூபாய்க்கு ‘ஒரிஜினல் கைவேலை’ என்கிறார்கள். நம்பலாமா?
- வாசகர், பெரம்பூர்

அந்த விலைக்குப் பெரும்பாலும் அச்சில் வார்த்ததுதான் வரும். ஜியாங்சு மாகாணத்து யீசிங்கில் சக்கரத்தில் வனைவதில்லை. மண்ணை மரச்சுத்தியலால் தட்டித் தகடாக்கி ஒட்டுவார்கள். விலங்குகளைத் தனியே செய்து மண்குழம்பால் பொருத்துவார்கள். மூடியைத் திறந்து விரலை உள்ளே விடுங்கள். வெளியே மீன் புடைத்திருக்கும் இடத்தில் உள்ளே பள்ளம் தட்டுப்பட்டால் வார்ப்பு. செதில்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கோடு ஓடினாலும் அப்படியே. அடியிலுள்ள முத்திரையை வைத்து முடிவு செய்யாதீர்கள். சீனாவின் மிங் அரசர் காலத்துக் கெண்டிக் கலைஞர் ஷி டாபின் பெயரைக்கூடப் புதுக் கெண்டியில் குத்திவிடுவார்கள். மூடித் துளையை அடைத்தால் ஊற்றுவது நிற்க வேண்டும் என்ற சோதனை, தலை ஆடும் கெண்டிக்குச் சரிவராது. அந்த இடுக்கு வழியாகவே காற்று போய்விடும்.

டீ தட்டில் வைக்கும் தேரை பொம்மைக்கு மூன்று கால்கள்தான் இருக்கின்றன. டேமேஜா?
- வாசகி, தாம்பரம்

இல்லை. செல்வம் தரும் தேரைக்குச் சீனர் கணக்கில் மூன்று கால்தான். மிச்ச டீயை அதன் மேல் ஊற்றுங்கள், மெல்ல நிறம் ஏறும்.