கட்டை போட்ட தேர் மாதிரி நில்லுங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் பத்து மாத ஆண் நாய்க்குட்டி இருக்கிறது. பெயர் லட்டு. பொமரேனியன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். எடை 5 கிலோ. வாசல் கதவைத் திறந்தால் போதும், என்னை இழுத்துக்கொண்டு ஓடுகிறான். கழுத்துப்பட்டை இறுகி, கர் கர் என்று இருமுகிறான். அதட்டியும் பார்த்துவிட்டேன், சங்கிலியைச் சுண்டியும் பார்த்துவிட்டேன். “நாய்தான் உன்னை நடத்திக்கொண்டு போகிறது” என்று மாமியார் சிரிக்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, வண்ணார்பேட்டை, திருநெல்வேலி

பதில்: இருமலை முதலில் பார்ப்போம் அம்மா. கழுத்துப்பட்டையில் சங்கிலி மாட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். மூச்சுக்குழாயைத் தாங்கி நிற்பவை குருத்தெலும்பு வளையங்கள். பொமரேனியன் போன்ற சிற்றின நாய்களில் சிலவற்றுக்கு அந்த வளையங்கள் தளர்ந்து, குழாயே தட்டையாகிவிடும். அப்படிப்பட்ட கழுத்தைச் சுண்டி இழுப்பது ஆபத்து. மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை வாங்குங்கள். கடையில் ஹார்னஸ் என்று கேட்டால் தருவார்கள். மார்புக்கு முன்பக்கம் வளையம் உள்ளதாக இருக்கட்டும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். பட்டையை மாற்றிய பிறகும் இருமினால், இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். (நம் ஊர்களில் பொமரேனியன் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். அதனால் லட்டுவுக்கு ஒரு குறையும் இல்லை.)

இனி இழுப்புக்கு வருவோம். முப்பது வருடம் கால்நடைகளுக்கு ஊசி போட்டு ஓய்வுபெற்றவன் நான். அப்படியிருந்தும், மகள் என்னிடம் விட்டுப்போன ஒரு குட்டி ஸ்பிட்ஸ், பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனை டீக்கடை வரைக்கும் தினமும் என்னை இழுத்துக்கொண்டு போனது. அங்கே அதற்கு ஒரு துண்டு பன் கிடைக்கும். எனக்கு உறைக்கவே ஒரு வாரம் ஆயிற்று: அதன் கணக்கில் நான்தான் ஆனித் தேர், கையில் இருக்கும் கயிறுதான் வடம். இழுத்தால் தேர் வருகிறது, பிறகு ஏன் இழுக்காமல் இருக்கும்? நாம் பதிலுக்கு இழுத்தால் அது இன்னும் நன்றாகக் காலை ஊன்றிக்கொள்கிறது.

அதனால், கயிறு விறைத்த அந்த நொடியே சறுக்குக்கட்டை போட்ட தேர் மாதிரி நின்றுவிடுங்கள். பேசாதீர்கள், பின்னால் இழுக்காதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடவும் வேண்டாம். லட்டு முன்னால் முட்டுவான், குரைப்பான், ஒரு கட்டத்தில் ‘என்ன ஆயிற்று இந்த அம்மாவுக்கு’ என்று திரும்பிப் பார்ப்பான். பார்க்கும்போது கயிறு துணி காயப்போட்ட கொடி மாதிரி கொஞ்சம் தொய்யும். அந்தத் தொய்வுக்குத்தான் கூலி. “சபாஷ்” என்று சொல்லி, அவித்த கோழிக்கறியில் பாசிப்பயறு அளவு ஒரு துணுக்கை உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். எட்டி நீட்டினால் எட்டித்தான் நடப்பான். கொடுத்துவிட்டு நடையைத் தொடருங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் மொட்டை மாடியிலேயே பழக்குங்கள். தெருவில் ஆடு, கோழி, மீன்காரர் என்று அவனுக்கு வேலை அதிகம். தெருவுக்கு இறங்கிய முதல் நாள் பத்து நிமிடத்தில் நாலு வீடு தாண்டினால் பெரிய விஷயம். தொய்வாக நடந்து வந்தால் மின்கம்பத்தை ஆசைதீர முகரவிடுங்கள், அதுவும் கூலிதான். சங்கிலிக்குப் பதில் ஐந்தடி நைலான் பட்டை போதும். நீண்டு சுருங்கும் சக்கரக் கயிறு வேண்டாம். இழுத்தால் நீளும் என்பதையே அது கற்றுக்கொடுக்கும்.

காலை நடையை ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள். சித்திரை வெயிலில் புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால், அவன் பாதமும் அங்கே வைக்கக் கூடாது.

வீட்டில் மற்றவர்கள் கூட்டிப் போகும்போதும் இதே சட்டம்தான். உங்கள் கணவர் ஒருநாள் ‘பாவம்’ என்று அவன் இழுப்புக்குப் போய்விட்டால், அடுத்த வாரம் முழுவதும் நீங்கள்தான் தெருவில் நிற்க வேண்டியிருக்கும். இன்னொன்று: பிரியத்தில் யாரும் அல்வா ஊட்டிவிட வேண்டாம். அவ்வளவு நெய் நாயின் கணையத்துக்கு ஆகாது.

கேள்வி: என் நாய்க்கு எட்டு வயது. இழுப்பை நிறுத்த முள்பட்டை வாங்கலாமா?
– ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: வேண்டாம். எதிரே வரும் நாயைப் பார்த்து இழுக்கும்போது கழுத்தில் குத்தினால், அந்த நாய்தான் குத்தியது என்று உங்கள் நாய் முடிவுகட்டிவிடும். அப்புறம் நாயைக் கண்டாலே பாயும். எட்டு வயதிலும் கற்கும், நாள்தான் கூடுதலாகும். பட்டைக்கு வைத்த பணத்தில் அரைக் கிலோ கோழிக்கறி வாங்குங்கள். உப்பும் வெங்காயமும் போடாமல் அவித்து, எலும்பை எடுத்துவிடுங்கள்.