மாதவிலக்கு திரும்பினால் பாலை நிறுத்த வேண்டுமா?

பிரசவத்துக்குப் பிறகு மாதவிலக்கு திரும்புவது குறித்து வாசகியர் அனுப்பிய நான்கு கடிதங்களுக்கு மகப்பேறு மருத்துவர் இந்த இதழில் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் மகனுக்கு ஐந்து மாதம் முடியப்போகிறது. நான் தனியார் பள்ளியில் ஆசிரியை. நான்காம் மாதத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டேன். காலையில் கறந்து வைத்துவிட்டுப் போகும் பாலை என் மாமியார் பாலாடையில் புகட்டுகிறார். மாலையிலும் இரவிலும் நானே கொடுக்கிறேன். சென்ற வாரம் மாதவிலக்கு வந்துவிட்டது. அதற்கு முந்தைய இரண்டு நாட்களும் மகன் மார்பில் வாய் வைத்த உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். “தூரமாகிவிட்டால் பால் கெட்டுவிடும், குழந்தைக்கு வயிற்றால் போகும், பால் பவுடருக்கு மாற்றிவிடு” என்கிறார் அத்தை. என் தங்கைக்கோ ஒரு வருடம் வரை மாதவிலக்கே வரவில்லை. எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம்?

— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பாலை நிறுத்த வேண்டாம். மாதவிலக்கு நாட்களிலும் உங்கள் பால் உங்கள் மகனுக்கு ஏற்ற பால்தான். அது கெடுவதும் இல்லை, வயிற்றுப்போக்கை உண்டாக்குவதும் இல்லை.

சீக்கிரம் வந்ததற்கான காரணம் பெரும்பாலும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. குழந்தை மார்பைச் சப்பும்போது காம்பிலுள்ள நரம்புகள் வழியாக மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதிக்குத் தகவல் போகிறது. அந்தத் தகவல் அடிக்கடி போய்க்கொண்டிருக்கும்வரை, சினைப்பையை இயக்கும் ஹார்மோன்கள் சீராகச் சுரக்காமல் அடங்கியிருக்கின்றன, முட்டை முதிர்ந்து வெளிவருவதில்லை, ஆகையால் மாதவிலக்கும் வருவதில்லை. எத்தனை முறை சப்பினான், இரண்டு முறைகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் சென்றது, இரவில் சப்பினானா என்பவற்றைப் பொறுத்தே இந்த அடக்கம் நீடிக்கும். கறந்த பால் உங்கள் மகனின் வயிற்றுக்கு முழுமையான தாய்ப்பால்தான் என்றாலும், கறக்கும்போது உங்கள் மூளைக்குப் போகும் தகவல் குழந்தையின் வாய் அனுப்பும் அளவுக்கு வலுவானதன்று. பள்ளிக்குப் போன நாளிலிருந்து உங்களுக்குப் பகலில் ஏழெட்டு மணி நேர இடைவெளி விழுந்திருக்கும்.

என்னிடம் வரும் தாய்மாரிடம் “எத்தனை முறை பால் கொடுக்கிறீர்கள்?” என்று நான் கேட்பதில்லை, கேட்டால் எல்லோரும் “அடிக்கடி” என்றுதான் சொல்வார்கள். நேற்றுக் காலை ஆறு மணியிலிருந்து இன்று காலை ஆறு மணிவரை நடந்ததைச் சொல்லுங்கள் என்பேன். அவர்கள் விரலை மடக்கி எண்ணத் தொடங்கி, பகல் பொழுதில் ஓரிடத்தில் விரல் மடங்காமல் நின்றுவிடும். மாதவிலக்கு ஏன் திரும்பியது என்பது அப்போது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

தங்கையோடு ஒப்பிடுவதில் பயனில்லை. ஒரே மாதிரி பால் கொடுக்கும் இரண்டு பெண்களில் ஒருவருக்கு நான்காம் மாதத்திலும் மற்றவருக்குப் பதினான்காம் மாதத்திலும் மாதவிலக்கு திரும்புவது உண்டு. உடலுக்கு உடல் இந்த வேறுபாடு இருக்கவே செய்யும். ஆனாலும் சப்பும் எண்ணிக்கையின் வலிமையைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலைவனத்தில் வேட்டையாடியும் கிழங்கு, கனி சேகரித்தும் வாழ்ந்த குங் இனத்துத் தாய்மார், குழந்தையை இடுப்பிலேயே சுமந்து, ஒரு மணி நேரத்துக்குள் பல முறை சிறிது சிறிதாகப் பால் கொடுத்தார்கள்; கருத்தடை எதுவும் இல்லாமலே அவர்களுடைய பிள்ளைகளுக்கு நடுவே ஏறத்தாழ 4 ஆண்டு இடைவெளி இருந்ததை 1980-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மணி அடித்தால் வகுப்புக்குப் போக வேண்டிய ஓர் ஆசிரியையால் அப்படி இருக்க முடியாது. அது உங்கள் குறையன்று.

இனி மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டதற்கு வருவோம். முட்டை வெளிவரும் நாட்களை ஒட்டிச் சில தாய்மாரின் பாலில் சோடியமும் குளோரைடும் சற்றுக் கூடி, பால் சர்க்கரை சற்றுக் குறையும். பால் லேசாக உப்புக் கரிக்கலாம். மாதவிலக்குக்கு முந்தைய ஓரிரு நாட்களில் பால் சுரப்பும் கொஞ்சம் குறைந்ததுபோலத் தோன்றலாம். இரண்டும் தற்காலிகமானவை. அந்த நாட்களில் தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது, வெளிச்சமும் பேச்சும் குறைந்த அறையில், வழக்கத்தைவிட அடிக்கடி மார்பில் போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவந்தால் பால் போதுமானதாக இருக்கிறது என்று பொருள்.

அத்தையின் அச்சத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. கருத்தடை வசதி இல்லாத காலத்தில், மாதவிலக்கு திரும்பிய வீட்டில் விரைவிலேயே அடுத்த கரு தங்கும், பால் வற்றும், இடுப்பிலிருக்கும் பிள்ளை சவலையாகிவிடும். அப்படிச் சவலைப் பிள்ளைகளைக் கண்ட தலைமுறை, தூரத்தையும் பால் கெடுவதையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். பாலைக் கெடுத்தது மாதவிலக்கன்று, அடுத்த கர்ப்பம்தான் அந்தப் பிள்ளைக்குப் பாலில்லாமல் செய்தது என்று அவரிடம் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். வயிற்றுப்போக்குக்கு அவர் உண்மையாகவே அஞ்ச வேண்டியவை சரியாகக் கழுவாத பால் புட்டியும், காய்ச்சாத தண்ணீரும்தான். பகலெல்லாம் பேரனை மடியில் வைத்துப் பாலாடையில் புகட்டுகிறவர் அவர். பாலாடையை ஒவ்வொரு முறையும் கழுவிக் கொதிநீரில் போட்டெடுக்கும் பொறுப்பையும் அவரிடமே விடுங்கள்.

உங்கள் உடலுக்கும் ஒரு வார்த்தை. பிரசவத்துக்குப் பின் 180 நாட்களுக்கு நாள்தோறும் ஒரு இரும்புச்சத்து–ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிட வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது இலவசமாகக் கிடைக்கிறது. மாதவிலக்கு திரும்பிய நிலையில் அதை விட்டுவிடாதீர்கள். வயிற்றுவலிக்குப் பாராசிட்டமால் அல்லது இபுபுரூஃபென் உரிய அளவில் எடுத்துக்கொள்வதால் பாலுக்குக் கெடுதல் இல்லை. கருத்தடை இப்போதே தேவை. அதற்கான வழிகளை அடுத்த பதிலில் பாருங்கள்.

கேள்வி: மகளுக்கு எட்டு மாதம். கேழ்வரகுக் கூழும் மசித்த இட்லியும் சாப்பிடுகிறாள், தாய்ப்பாலும் குடிக்கிறாள். எனக்கு இன்னும் மாதவிலக்கு வரவில்லை. “தூரம் வராதவரை பயமில்லை” என்று எல்லோரும் சொல்வதால் நாங்கள் எந்தத் தடுப்பும் பயன்படுத்தவில்லை. இது சரியா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்: சரியன்று. முதல் மாதவிலக்குக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பே முட்டை வெளிவந்துவிடக்கூடும். அந்த முட்டை கருவாகிவிட்டால் நீங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் மாதவிலக்கு வரவே வராது. “பிரசவத்திலிருந்தே வரவில்லை டாக்டர், பால் கொடுப்பதால்தான் என்று இருந்துவிட்டேன்” என்று வந்து, ஸ்கேனில் நான்கு மாதக் கருவைப் பார்த்துத் திகைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

தாய்ப்பால் கருத்தரிப்பைத் தடுப்பது உண்மைதான். ஆனால் அதற்கு எல்லை உண்டு. 1988-இல் இத்தாலியின் பெல்லாஜியோ நகரில் கூடிய அறிவியலாளர்கள் அந்த எல்லையை வகுத்தார்கள். குழந்தைக்கு 6 மாதம் நிறைந்திருக்கக் கூடாது, முழுமையாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ தாய்ப்பாலே உணவாக இருக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்திருந்தால் 98 விழுக்காட்டுக்கு மேல் பாதுகாப்பு கிடைக்கும். பால் கொடுக்கும் இடைவெளி பகலில் 4 மணி நேரத்தையும் இரவில் 6 மணி நேரத்தையும் தாண்டாமல் இருப்பது நல்லது என்று மருத்துவர்கள் சேர்த்துச் சொல்வார்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் வேறு தடுப்பு வேண்டும். உங்களுக்கு இரண்டு தவறிவிட்டன.

முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து கரு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதன்பின் காப்பர் டி பொருத்திக்கொள்ளலாம். அதில் ஹார்மோன் இல்லை, பாலையும் அது தொடுவதில்லை. ‘அந்தரா’ என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போடப்படும் ஊசியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஊசியாலேயே மாதவிலக்கு ஒழுங்கு தவறலாம் அல்லது நின்றுபோகலாம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பின்னர் பதற்றம் இராது. ‘சாயா’ மாத்திரை லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டும், பிறகு வாரத்துக்கு ஒன்றுமாகச் சாப்பிட வேண்டும். பால் கொடுப்பவர்களுக்கு அது ஏற்றது. மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் வழக்கமான கருத்தடை மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் இருக்கும். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை பால் கொடுப்பவர்கள் அவற்றைத் தவிர்க்க வேண்டும், அதன் பிறகும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். முடிவெடுக்கும்வரை ஆணுறை இருக்கவே இருக்கிறது. இந்தப் பொறுப்பு முழுவதையும் நீங்கள் ஒருவரே சுமக்க வேண்டியதில்லை. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் நடுவே குறைந்தது 24 மாதம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

கேள்வி: பிரசவமாகி நாற்பது நாள் ஆகிறது, தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறேன். மூன்றாம் வாரத்தில் ஏறக்குறைய நின்றுவிட்ட உதிரப்போக்கு மீண்டும் தெரிகிறது. இது மாதவிலக்கா?

— ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: அநேகமாக இல்லை. முழுமையாகத் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு முதல் 56 நாட்களுக்குள் தெரியும் உதிரத்தை மாதவிலக்காகக் கணக்கிடுவதில்லை. பிரசவ உதிரப்போக்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை விட்டுவிட்டு வரும். குடத்தைத் தூக்கினாலோ வீட்டு வேலையை அவசரப்பட்டுத் தொடங்கினாலோ கூடவும் செய்யும். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுவதும் நனைந்தாலும், பெரிய கட்டிகளாக விழுந்தாலும், துர்நாற்றமோ காய்ச்சலோ சேர்ந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பால் கொடுக்காத தாய்மாரின் கணக்கு வேறு. அவர்களுக்கு நான்காம் வாரத்திலேயே முட்டை வெளிவரக்கூடும்.

கேள்வி: ஒன்றரை வயது மகனுக்குப் பால் மறக்கடித்து மூன்று மாதம் ஆகியும் எனக்கு மாதவிலக்கு வரவில்லையே?

— ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: பால் மறக்கடித்த சில வாரங்களில் மாதவிலக்கு திரும்பிவிடுவதே வழக்கம், மூன்று மாதம் என்பது காத்திருக்கத் தக்க காலமன்று. முதலில் கர்ப்பப் பரிசோதனை, கரு இல்லையென்றால் தைராய்டு, பாலைச் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். மறக்கடித்த பிறகும் மார்பில் பால் தானாகக் கசிகிறதா, அடிக்கடி தலைவலிக்கிறதா, பக்கவாட்டுப் பார்வை மங்குகிறதா என்பதைக் கவனித்து, மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.