உப்புக் காற்றில் ஓடும் வீடு: வாசகர்களின் ரிப்பேர் கேள்விகள்

ஐப்பசி, கார்த்திகையில் நனைந்ததெல்லாம் தை மாசத்தில்தான் ஒவ்வொன்றாக மக்கர் பண்ண ஆரம்பிக்கும். கேள்விகள் குவிவதும் அப்போதுதான். கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு மழையோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. ஈரோட்டில் இருப்பவர் நினைத்தே பார்க்க வேண்டாத உப்பு, இங்கே சுவிட்ச் திருகு வரைக்கும் ஏறி உட்கார்ந்திருக்கும். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த முறை பதில். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன்.

மழை தூறினாலே மெயினில் இருக்கும் ஆர்.சி.சி.பி. விழுகிறது. வெயில் அடித்தால் ஒன்றும் இல்லை. எலக்ட்ரீஷியன் வரும் நேரத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. "அதைக் கழட்டிட்டு டைரக்டா குடுத்துடலாம்மா" என்கிறார். செய்யலாமா சார்? – வாசகி, மஞ்சக்குப்பம்

வேண்டவே வேண்டாம். அது கெட்டுப்போய் விழவில்லை, வேலை செய்வதால்தான் விழுகிறது. வீடுகளில் போடுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் ரகம். ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுசாகத் திரும்பவில்லை, வழியில் எங்கேயோ எர்த்துக்கோ ஈரச் சுவருக்கோ கசிகிறது என்றால் கட் பண்ணிவிடும். அதைக் கழட்டினால் கசிவு அப்படியே இருக்கும், காவல்தான் போகும்.

கண்டுபிடிக்கிற வேலையை நீங்களே பாதி செய்யலாம். மழை நாளில், அது விழுந்த உடனே செய்ய வேண்டும். வீட்டில் உள்ள எல்லா ப்ளக்கையும் உருவுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். ஒரு சாமானுக்குள் நியூட்ரலும் எர்த்தும் ஒட்டிக்கொண்டிருந்தால், சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் ஆர்.சி.சி.பி. விழும். "எல்லாத்தையும் அணைச்சுப் பார்த்துட்டேன், அப்பவும் விழுது" என்று பலர் சொல்வது இதனால்தான். உருவிய பிறகு மெயினைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு ப்ளக்காகச் செருகி வாருங்கள். எதில் விழுகிறதோ அதுதான் ஆள்.

மழையில் மட்டும் வருகிறது என்பதால் என் சந்தேகமெல்லாம் வெளியே இருப்பவற்றின் மேல்: கேட் விளக்கு, மொட்டை மாடி விளக்கு, மோட்டார், காலிங் பெல் சுவிட்ச். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, பெல் சுவிட்சின் மூடியைக் கழட்டிப் பாருங்கள். இந்த ஊர் வீடுகளில் பித்தளைத் திருகில் பச்சை பூத்து, ஒரு மூலையில் எறும்பு மண் கட்டியிருப்பதை நிறையப் பார்க்கலாம். ஈரம் பட்டால் அந்த மண்ணே கம்பி மாதிரி கரண்டைக் கடத்தும். ப்ளக் இல்லாத கேட் விளக்கு போன்றவற்றுக்கு வயரையே பிரித்துச் சோதிக்க வேண்டும், அது எலக்ட்ரீஷியன் வேலை. அவரை மழை நாளிலேயே வரச்சொல்லுங்கள்.

இன்னொன்று: சமீபத்தில் இன்வெர்ட்டர் போட்டீர்களா? இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலையும் மெயின் லைனின் நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கிவிட்டுப் போயிருந்தால், கசிவே இல்லாமலும் விழும். ஆனால் அது மழை வெயில் பார்க்காது.

இட்லி மாவு அரைக்கும்போது பாதியில் மிக்ஸி நின்றுவிட்டது. கருகல் வாசனை இல்லை. – வாசகி, வில்லியனூர்

ப்ளக்கை உருவிவிட்டு மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சின்ன சிவப்பு பட்டன் இருக்கும். பத்து நிமிஷம் ஆறவிட்டு அதை அழுத்துங்கள். பாரம் அதிகமானால் தானாக வெளியே தள்ளிக்கொள்ளும் பட்டன் அது. ஜாரில் பாதிக்கு மேல் போடாதீர்கள். அழுத்தியும் திரும்பத் திரும்ப வெளியே வந்தால் மட்டும் கடைக்குப் போங்கள்.

குருசுக்குப்பத்தில் கடலைப் பார்த்த வீடு. ஏசி வாங்கி மூன்று வருஷம்தான். வெளி யூனிட்டின் தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிர்கின்றன. இரண்டு வெயில் காலமாக கேஸ் நிரப்புகிறோம். – வாசகர், புதுச்சேரி

அந்த வெள்ளைப் பொடி அலுமினியம் அரிப்பது. கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு இருக்கிறது. அலை உடையும்போது கிளம்பும் துளிகள் காற்றில் வந்து உங்கள் யூனிட்டில் படிகின்றன. பல யூனிட்களில் குழாய் செம்பு, தகடு அலுமினியம். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, நடுவே உப்புத் தண்ணீரும் இருந்தால் அங்கே ஒரு சின்ன பேட்டரியே உருவாகிவிடும். அதில் தேய்ந்து போவது அலுமினியம். தகடு போனால் சூடு வெளியேறாது, கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடும், பில் ஏறும்.

நீங்கள் செய்யக்கூடியது, கழுவுவது. ஏசியின் எம்.சி.பி.யை (மெயின் போர்டில் ஏசிக்கென்று இருக்கும் சுவிட்சை) அணைத்துவிட்டு, செடிக்குத் தண்ணீர் விடும் குழாயால் மெதுவாக வெளி யூனிட்டின் தகடுகளை நனைத்துக் கழுவுங்கள். பைக் கழுவும் பிரஷர் கன் வேண்டாம், தகடு மடிந்துவிடும். ஆசிட், பாத்ரூம் கிளீனர் எதுவும் கூடாது. கடலைப் பார்த்த வீட்டில் மாதம் ஒருமுறை இதைச் செய்யலாம். ஒரு விஷயம் கவனியுங்கள்: போர் தண்ணீரே உவர்ப்பாக இருந்தால் அதில் கழுவிப் புண்ணியமில்லை. உப்பைக் கழுவ உப்பையே ஊற்றுகிறீர்கள். நகராட்சித் தண்ணீரை ஒரு வாளி பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ் விஷயத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். ஏசியில் இருப்பது மூடிய சுற்று. கேஸ் தானாகத் தீராது, குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் வருஷா வருஷம் நிரப்பிவிட்டுப் போகிறவருக்குக் காசு கொடுப்பது வீண். நைட்ரஜன் அடித்து, சோப்பு நுரை தடவிக் கசிவைக் காட்டச் சொல்லுங்கள். இப்போது வரும் பல ஏசிகளில் இருக்கும் ஆர்-32 கேஸ் தீப்பிடிக்கும் தன்மை கொண்டது என்பதையும் நினைவில் வையுங்கள். அப்புறம், யூனிட் உட்கார்ந்திருக்கும் இரும்பு ஸ்டாண்டை எட்டிப் பாருங்கள். மாடியில் மாட்டியிருந்தால் கேஸ் கசிவைவிட அந்தத் துருதான் எனக்குப் பயம்.

ஃபெஞ்சல் புயலின்போது கார் கதவு வரை தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தோம், நின்றுவிட்டது, இன்ஜின் வேலை பெரிதாக வந்தது. அடுத்த முறை என்ன செய்ய வேண்டும்? – வாசகர், ரெயின்போ நகர்

2024 நவம்பர் 30 இரவு அந்தப் புயல் கரையைக் கடந்த பிறகு ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வண்டிகள் தண்ணீரில் நின்றன. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை பெருகி கடலூரிலும் அதே கதை. இதே கேள்வி நிறைய வந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெள்ளத்தில் நின்ற வண்டியின் சாவியைத் திருகாதீர்கள். ஒருமுறைகூட வேண்டாம். இன்ஜினுக்குள் பிஸ்டன் அமுக்குவது காற்றையும் எரிபொருளையும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணினால், பிஸ்டன் தண்ணீரில் மோதி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஊறினதால் வந்த செலவு ஒரு பங்கு என்றால், திருகினதால் வரும் செலவு பல பங்கு.

தண்ணீர் எதுவரை ஏறியது என்று முதலில் பாருங்கள். டயரில் பாதிக்குக் கீழே நின்று வடிந்திருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக அழுத்தி அழுத்தி உலர்த்திக்கொள்ளுங்கள். கதவின் கீழ் விளிம்பைத் தாண்டி உள்ளே கார்ப்பெட் நனைந்திருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழட்டிவிடுங்கள். சீட்டுக்கு அடியிலும் கார்ப்பெட்டுக்கு அடியிலும் வயர் கனெக்டர்கள் ஓடுகின்றன. அவை உடனே படுக்காது, சில மாதம் கழித்து பச்சை பூத்துத் தொல்லை கொடுக்கும். ஆகவே கார்ப்பெட்டைத் தூக்கி உலர்த்தாமல் மேலே ஃபேன் மட்டும் போட்டால் பலன் இல்லை.

பானட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா பாருங்கள். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள், ஆயில் வெளுத்துப் போய் பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் டோயிங் வண்டிதான். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்றால் கயிறு கட்டி இழுக்கவிடாதீர்கள், மேலே ஏற்றிப் போகிற வண்டியாக வரச்சொல்லுங்கள்.

இன்சூரன்ஸுக்கு, தண்ணீர்க் கோடு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, வண்டியை நகர்த்துவதற்கு முன்பே தகவல் சொல்லிவிடுங்கள். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒன்றும் வராது. முழு பாலிசியாக இருந்தாலும், நனைந்த பிறகு ஸ்டார்ட் பண்ணியதால் வந்த இன்ஜின் சேதத்தைத் தட்டிக்கழிப்பது வழக்கம். அதற்குத்தான் இன்ஜின் புரொடெக்ட் என்ற ஆட்-ஆன். மழையில் தேங்கும் தெருவில் இருப்பவர்கள் மற்ற ஆட்-ஆன்களை விட்டாலும் இதை விட வேண்டாம் என்பது என் கருத்து.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் மூழ்கியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள். வீட்டுக்குள்ளும் வைக்காதீர்கள். பேட்டரிக்குள் நீர் புகுந்து நாள் கழித்துத் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. திறந்த வெளியில் நிறுத்திவிட்டு சர்வீஸ் ஆட்களைக் கூப்பிடுங்கள்.

சில்வர் பீச்சில் போன் கடலில் விழுந்தது. ஐபி-68 என்று போட்டிருந்ததே? அரிசியில் போட்டு வைத்திருக்கிறேன். – கல்லூரி மாணவர், திருப்பாப்புலியூர்

தம்பி, அரிசியை எடுத்துச் சமைத்துவிடுங்கள். அரிசி போனுக்குள் இருக்கும் ஈரத்தை இழுப்பதில்லை, தூசியும் மாவும்தான் சார்ஜிங் ஓட்டைக்குள் போகும். ஆப்பிள் நிறுவனமே தன் போன்களை அரிசியில் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. ஐபி-68 என்பது தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான குறியீடு. அதற்கான சோதனை நல்ல தண்ணீரில் செய்வது, கடலுக்குப் பொருந்தாது.

தண்ணீர் உலர்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கிவிடும், காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு போர்டை அரிக்கும். போனை அணைத்துவிடுங்கள். ஐபி-67, 68 போன் என்றால் வெளிப்புறத்தை ஒரு குவளை நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, சார்ஜிங் ஓட்டை கீழே பார்க்கிற மாதிரி பிடித்து உள்ளங்கையில் தட்டி, காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் விடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். அந்த மாதிரி பாதுகாப்பு இல்லாத போன் என்றால் உலர்த்தி நேரம் போக்காமல், அன்றைக்கே கடையில் கொடுத்து பேட்டரியைப் பிரித்து ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் போர்டைக் கழுவச் சொல்லுங்கள். "ஆன் ஆகுதே" என்று இரண்டு நாள் விட்டால்தான் பெரும்பாலும் போகும்.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. – வாசகர்கள், நெல்லிக்குப்பம், அரியாங்குப்பம்

முதலில் அணையுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் மெக்கானிக்கல் சீல் தேய்ந்துவிடும். மேலே வைத்திருக்கும் மோனோபிளாக் என்றால், தண்ணீர் ஊற்றும் மூடியைத் திறந்து விளிம்பு வரை ஊற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பாருங்கள். அப்படியே நின்றால், உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு நன்றாக இருக்கிறது. மூடி ஓடவிடுங்கள், ஏறும். இறங்கிக்கொண்டே போனால் ஃபுட் வால்வில் மணலோ தூசியோ மாட்டியிருக்கிறது, இல்லாவிட்டால் உறிஞ்சு குழாயின் ஜாயின்ட்டில் காற்று புகுகிறது. ஜாயின்ட்டைப் பிரித்து டெஃப்லான் டேப் சுற்றிப் போடுவதை நீங்களே செய்யலாம்.

மேலே இருக்கும் பம்ப் தண்ணீரை உறிஞ்சுவதற்கு ஓர் எல்லை உண்டு. காற்றழுத்தம்தான் தண்ணீரைத் தள்ளுகிறது, கணக்குப்படி 10 மீட்டர் சொச்சம், நடைமுறையில் 7, 8 மீட்டர். சித்திரையில் நீர்மட்டம் அதற்குக் கீழே போய்விட்டால் எந்த மெக்கானிக் வந்தாலும் ஏறாது. ஜெட் பம்ப், இல்லாவிட்டால் சப்மெர்சிபிள்தான்.

மோட்டார் சுற்றாமல் "ம்ம்ம்" என்று மட்டும் சத்தம் போட்டால் அது வேறு கதை. மெயினை அணைத்துவிட்டு, பின்பக்க ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் துரு. லேசாகச் சுற்றினால் கெபாசிட்டர்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா? டிஸ்டில்ட் வாட்டர்தானே அது? – வாசகர், லாஸ்பேட்டை

பார்க்க அப்படித்தான் தெரியும். ஆனால் அது வரும் வழியில் ஏசி காயிலின் தூசி, உலோகத் துகள், ட்ரேயில் படிந்த பாசி எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வருகிறது. ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம், அதிலும் உப்பு மிச்சம் இருக்கும். பேட்டரி விலையோடு பார்த்தால் டிஸ்டில்ட் வாட்டர் கேன் ஒரு செலவே இல்லை. முழு சார்ஜ் ஏறிய பிறகு, மிதவையின் மேல் குறி வரை மட்டும் ஊற்றுங்கள், ஆசிட் சேர்க்காதீர்கள். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், இன்வெர்ட்டரை அணைத்து ப்ளக்கை உருவி, நெகட்டிவை முதலில் கழட்டி, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் பழைய பல் பிரஷால் தேயுங்கள். கரைசல் பேட்டரிக்குள் போகக் கூடாது. துடைத்து மாட்டிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், விளக்குத் தீ பட்டால் பற்றிக்கொள்ளும். பூஜை அறையில் பேட்டரி வைத்திருப்பவர்கள் அதை உடனே வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

ஃபேன் ரெகுலேட்டர் ஐந்தில் வைத்தாலும் மூன்றில் வைத்த மாதிரிதான் சுற்றுகிறது. – வாசகி, முதுநகர்

கெபாசிட்டர். பழைய கடைக்காரர்கள் கண்டென்சர் என்பார்கள். மெயினை அணைத்துவிட்டு, மேல் கப்பை இறக்கினால் தெரியும். அதன் மேல் போட்டிருக்கும் அளவு பெரும்பாலும் 2.5 மைக்ரோ ஃபாரட். அதே அளவில் வாங்கி மாட்டுங்கள். பெரிது போட்டால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், காயில் சூடேறும். கையால் தள்ளினால் இரண்டு சுற்றில் நின்றுவிடுகிறது, கரகரவென்று சத்தம் என்றால் பேரிங். எலக்ட்ரானிக் போர்டால் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேனில் இந்த வைத்தியம் செல்லாது.

ஒயிட் டவுனில் பழைய வீடு, உள் அறைக்கு வைஃபை வரவில்லை. – வாசகர், புதுச்சேரி

அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர்களின் தடிமனுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தாங்காது. போனில் 2.4 என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். வேகம் குறையும், ஆனால் எட்டும். அதுவும் போதவில்லை என்றால் ரிப்பீட்டர் வாங்கிக் காசைக் கரைக்காமல், ஒரு லான் கேபிளை உள் அறைக்கு இழுத்து அங்கே இரண்டாவது ரவுட்டர் வையுங்கள். சுவரைத் துளைக்க வேண்டாம், ஜன்னல் மரச்சட்டம் ஓரமாகவே கொண்டுபோகலாம்.