கட்டடத்தைக் கம்பெனிக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: ஓய்வுபெற்றபோது வந்த பணத்தோடு வங்கிக் கடனும் வாங்கி, சென்னை துரைப்பாக்கத்தில் ஆறு வீடுகள் கொண்ட கட்டடம் கட்டியிருக்கிறேன். குடும்பங்களுக்கு விட்டால் வீட்டுக்கு 22,000 ரூபாய் வரும். வீடுகளை வாடகைக்கு எடுத்து, கட்டில் கட்டிலாகத் தனி ஆட்களுக்கு விடும் ஒரு கோ-லிவிங் நிறுவனம் மொத்தமாக ஐந்து ஆண்டுக்குக் கேட்கிறது. வீட்டுக்கு 25,000 வீதம் மாதம் ஒன்றரை லட்சம் 'மினிமம் கேரண்டி', அதாவது ஆள் வந்தாலும் வராவிட்டாலும் தரும் குறைந்தபட்சத் தொகை என்கிறார்கள். தடுப்பு, கட்டில், ஏ.சி. என்று சுமார் 15 லட்சம் நான் செலவழிக்க வேண்டுமாம். பெங்களூரில் அப்படி ஓர் இடத்தில் தங்கியிருக்கும் என் மகன், "யோசிக்காமல் கையெழுத்துப் போடுங்கள்" என்கிறான். ஒப்பந்த நகலை அனுப்பியிருக்கிறேன். போடலாமா?

பதில்: இந்த நகலில் போடாதீர்கள், சார்.

உங்கள் மகன் சொல்வது தப்பில்லை. பெட்டியோடு போய் இறங்கினால் கட்டில், வைஃபை, சாப்பாடு எல்லாம் தயார். பத்து மாத அட்வான்ஸ் கேட்டு யாரும் மிரட்டுவதில்லை. பிடிக்கவில்லை என்றால் ஒரு மாத நோட்டீஸில் கிளம்பிவிடலாம். அவன் பேசுவது அங்கே தங்குகிறவனாக. நீங்கள் நிற்கும் இடம் வேறு.

முதலில் 15 லட்சம். குடும்ப வாடகையைவிட வீட்டுக்கு 3,000 கூடுதல். ஆறு வீட்டுக்கு மாதம் 18,000, வருடத்துக்கு 2,16,000. போட்ட 15 லட்சம் திரும்பி வரவே ஏழு ஆண்டு ஆகும். ஒப்பந்தமோ ஐந்து ஆண்டு. வட்டியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

அடுத்து, அவர்கள் பக்கத்துக் கணக்கு. ஒரு வீட்டில் ஐந்து பெட், பெட்டுக்கு 9,000 என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் நிரம்பினால் 45,000. அதில் உங்களுக்கு 25,000. மிச்சத்தில் கேர்டேக்கர், துப்புரவு, தண்ணீர் லாரி, கரண்ட், இணையம், விளம்பரம் எல்லாம் நடக்க வேண்டும். இரண்டு பெட் காலியானால் வரவு 27,000. உங்கள் வாடகையைக் கொடுத்துவிட்டால் கையில் 2,000தான். உங்களிடம் வருடக் கணக்கில் எடுத்து, மாதக் கணக்கில் விடுகிற தொழில் இது. ஐ.டி. கம்பெனி 'வீட்டிலிருந்தே வேலை பார்' என்றால் அந்த மாதமே பெட் காலி. 2020இல் அதுதான் நடந்தது. உலகெங்கும் இந்தத் தொழிலே ஆட்டம் கண்டது. லண்டனில் 500 அறைகளுக்கு மேல் ஒரே கட்டடத்தில் நடத்திய 'தி கலெக்டிவ்' 2021இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. பெங்களூரில் 2015இல் தொடங்கிய வீட்டு வாடகை நிறுவனமான நெஸ்ட்அவே, திரட்டிய முதலீட்டைவிட மிகக் குறைவாக, 90 கோடி வரையிலான விலைக்கு 2023இல் கைமாறியது. பெரிய பெயர் என்பதால் மட்டும் நம்பிவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் நகலைப் பாருங்கள். நீங்கள் ஐந்து ஆண்டும் காலி செய்யச் சொல்ல முடியாது. அவர்கள் ஓராண்டுக்குப் பிறகு 60 நாள் நோட்டீஸில் போய்விடலாம். அதோடு 'தவிர்க்க முடியாத சூழ்நிலையில் கேரண்டி தொகை நிறுத்திவைக்கப்படும்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரி இருக்கும்வரை கேரண்டி என்ற சொல்லுக்கே வேலை இல்லை. லாக்-இன், அதாவது விலக முடியாத காலம், இரண்டு பக்கமும் மூன்று ஆண்டு என்று கேளுங்கள். உள்வேலைச் செலவை அவர்களே ஏற்கட்டும். மாட்டேன் என்றால், இடையில் போகும்போது அந்தச் செலவில் மீதிக் காலத்துக்கு உரிய பங்கைத் தர வேண்டும் என்றாவது எழுதுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று: அங்கே தங்கும் முப்பது பேரும் உங்கள் வாடகைதாரர்கள் அல்ல. அவர்கள் அட்வான்ஸ் கம்பெனியிடம் இருக்கும். கம்பெனி ஒருநாள் போனை எடுக்காமல் போனால், அத்தனை பிள்ளைகளும் உங்கள் வாசலில்தான் நிற்பார்கள். உங்களுக்கும் வாடகை வந்திருக்காது. இரண்டு மாத வாடகை தவறினால் தங்குபவர்கள் நேரடியாக உங்களுக்கே பணம் செலுத்தலாம், தங்குவோர் பட்டியலை மாதாமாதம் உங்களுக்குத் தர வேண்டும் என்று ஒரு ஷரத்து சேர்க்கச் சொல்லுங்கள். நல்ல நிறுவனம் இதற்குக் கோபித்துக்கொள்ளாது.

மற்றவை சட்டென்று. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம், உள்வாடகைக்கு உங்கள் எழுத்துபூர்வச் சம்மதமும் வேண்டும். குடியிருப்பை ஜி.எஸ்.டி. பதிவுள்ள நிறுவனம் வாடகைக்கு எடுத்தால், 2022 ஜூலை முதல் வாடகை மீதான 18 சதவீத வரியைக் கட்ட வேண்டியது அவர்கள். அதை உங்கள் வாடகையில் கழிக்க விடாதீர்கள். பெண்களுக்கு மட்டும் என்றால் 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாடு விடுதிகள் சட்டப்படி உரிமம் தேவை. யார் பெயரில் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். அப்புறம் செப்டிக் டேங்க்! ஆறு குடும்பத்துக்குக் கட்டியதை முப்பது பேர் பயன்படுத்தினால் லாரி எத்தனை முறை வரும், அந்தச் செலவு யாருடையது?

கையெழுத்துக்கு முன், இதே நிறுவனத்துக்குக் கட்டடம் கொடுத்த இரண்டு உரிமையாளர்களை, கம்பெனி ஆள் பக்கத்தில் இல்லாதபோது போய்ப் பாருங்கள். வாடகை எந்தத் தேதியில் வருகிறது என்று மட்டும் கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் மேல் தளங்களில் உள்ள நான்கு வீடுகளை மட்டும் கொடுங்கள். கீழே இரண்டு குடும்பம் இருந்தால், கம்பெனி தாமதிக்கும் மாதத்திலும் வங்கித் தவணைக்கு 44,000 கையில் இருக்கும்.