கோட் ரிவ்யூவில் முப்பது கமெண்ட் வந்தால்

ஆச்சி, வணக்கம். சென்னையில் பயிற்சி வேலையில் இருக்கும் தம்பி எழுதிய ஸ்கிரிப்டை, அதாவது சின்ன நிரலை, கோட் ரிவ்யூவில் வரிவரியாகச் சரிபார்த்த சீனியர் முப்பது கமெண்ட் எழுதியிருக்கிறார், பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, காரைக்குடிக்கே வந்து வங்கித் தேர்வுக்குப் படிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி எனக்கு அனுப்பிய அந்தக் கமெண்டுகளை முழுக்கப் படித்தேன். ஒன்றுகூட அவரைக் குறைத்துப் பேசவில்லை, எல்லாமே வேலையைப் பற்றியவை. வங்கி வேலை நல்ல வேலைதான். ஆனால் அந்த முடிவைப் பயிற்சி முடிந்த பிறகு எடுக்கலாம். இப்போது கோச்சிங் சென்டரில் பணம் கட்டாதீர்கள்.

பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் கடை வைத்திருந்த காலத்தில் வேலை பழக வந்த பெட்டியடிப் பையன் எழுதிய கணக்கை மேலே இருப்பவர்கள் சரிபார்ப்பார்களே, கோட் ரிவ்யூவும் அப்படித்தான். அதிலும் தம்பி எழுதியிருப்பது மற்ற நிரல்களைத் தானே திருத்தும் ஸ்கிரிப்ட். அதில் ஒரு பிழை இருந்தால், அது தொடும் ஃபைல்களிலெல்லாம் ஏறிவிடும். லேப் ரெக்கார்டில் கையெழுத்து மட்டுமே வாங்கிப் பழகிய நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, ஒருவர் வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்பது முதலில் அவமானமாகத்தான் படும். எனக்கு அது வருத்தம், ஏனென்றால் அவர்களுக்குக் கல்லூரியிலேயே கிடைத்திருக்க வேண்டிய கவனம் அது.

இனி தம்பிக்கு.

பழைய ஃபங்ஷன் பெயரை ரெஜெக்ஸ் வைத்து, அதாவது எழுத்துகளின் வடிவத்தை மட்டும் பார்த்துத் தேடி, மாற்றியிருக்கிறாய். அதே பெயர் நிரலுக்குள் எழுதிய குறிப்பிலோ, பயனருக்குக் காட்டும் செய்தியிலோ இருந்தால் அங்கும் மாறிவிடும். இதைச் சீனியர் கேட்டது சரி. பைத்தான் மொழியோடு வரும் ஏஎஸ்டி மாட்யூல் நிரலின் அமைப்பைப் புரிந்துகொள்ளும். ஆனால் அதிலிருந்து திரும்ப நிரலாக எழுதும்போது குறிப்புகளும் இடைவெளிகளும் போய்விடும். அவற்றைக் காப்பாற்ற லிப்சிஎஸ்டி என்ற லைப்ரரி இருக்கிறது, அதைப் படி. நிரலைத் திருத்த முன்பு பைத்தானோடு வந்த பழைய லிப்2டு3 மாட்யூல் பக்கம் போகாதே. 2024-இல் வந்த பைத்தான் 3.13-இலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள்.

இரண்டாம் முறை ஓட்டினால் எதுவும் மாறக்கூடாது என்ற கமெண்டோடு வாதாடாதே. ‘லோட்’ என்பதை ‘லோட்_ஃபைல்’ ஆக்கும் உன் ஸ்கிரிப்ட், மறுபடி ஓட்டினால் ‘லோட்_ஃபைல்_ஃபைல்’ ஆக்கிவிடும். அதற்கு ஒரு டெஸ்ட் எழுதி, அது பாஸ் ஆவதைக் காட்டு.

பதில் எழுதும்போது ‘டன்’ (முடிந்தது) என்று மட்டும் போடாதே. எந்த கமிட்டில் (ஒன்றாகப் பதிவு செய்த மாற்றங்களில்) என்ன மாற்றினாய் என்று ஒரு வரி எழுது. ஒப்புக்கொள்ள முடியாத இடத்தில் காரணத்தையும், அதை நிரூபிக்கும் சின்ன உதாரண ஃபைலையும் வை. புரியாததை அன்றைக்கே கேட்டுவிடு. ஊகித்துத் திருத்தினால் இன்னொரு சுற்று ரிவ்யூதான் வரும்.

ஸ்கிரிப்டை ஒரு கமிட்டிலும் அது செய்த மாற்றங்களை வேறொன்றிலும் போடு. இரண்டும் கலந்து கிடந்தால் எவராலும் படிக்க முடியாது. முதலில் ஒரு சின்ன ஃபோல்டரில் மட்டும் ஓட்டி, எந்த வரி எப்படி மாறியது என்று காட்டும் டிஃப்பை சீனியருக்கு அனுப்பு.