யுனிவர்சல் ரிமோட்டில் சீலிங் ஃபேனுக்கு எந்தக் கோட் எண் போட வேண்டும்?

கேள்வி: கடையில் ஒரு யுனிவர்சல் ரிமோட் வாங்கினேன். டிவிக்கு வேலை செய்கிறது. ஆனால் ரிமோட்டில் இயங்கும் எங்கள் சீலிங் ஃபேனுக்கு எந்தக் கோட் எண்ணும் பொருந்தவில்லை. என்ன செய்வது?

பதில்:

கோட் எண் தேடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். ரிமோட்டுடன் வரும் அந்தப் பொடி எழுத்துத் தாளில் உள்ள எண்கள் டிவிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் டிவிடி பிளேயருக்கும் உரியவை. நான் வாங்கிய தாளில் சீலிங் ஃபேன் என்ற தலைப்பே இல்லை. இரண்டு மாலைப் பொழுதுகளை அதில் தொலைத்தவன் என்பதால் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியது இன்னொரு ரிமோட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் ரிமோட். அது ஒருவேளை உங்கள் வீட்டு டிவி மேசையிலேயே கிடக்கலாம்.

நீங்கள் கேள்வியில் எழுதவில்லை என்றாலும், வீட்டில் வயதான ஒருவருக்காகத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இளையவர்கள் கைப்பேசியிலேயே சமாளித்துக்கொள்வார்கள். எனக்கும் என் அம்மாவை வைத்துத்தான் இந்த விஷயம் வந்தது.

அம்மா மயிலாடுதுறையில் தனியாக இருக்கிறார். வயது 74. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய படுக்கையறையில் பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும், ரிமோட்டில் இயங்கும் வகை) மாட்டிக் கொடுத்தேன். வயதானவருக்கு எதற்கு ரிமோட் ஃபேன் என்று உறவில் பலர் கேட்டார்கள். இங்கேயும் யாராவது கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. பழைய ஃபேன் 75 வாட். புதியது முழு வேகத்தில் ஓடினாலும் 30 வாட்டுக்குப் பக்கத்தில்தான் இழுக்கிறது. நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 40 யூனிட் மிச்சம். குடும்ப ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு அந்த 40 யூனிட் பெரிய விஷயம். அம்மா மின்கட்டண அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குத் தொலைபேசியில் எண்களை வாசித்துக் காட்டுவார். வாங்கியதற்காக நான் வருந்தவில்லை.

ஆனால் இந்த வகை ஃபேனைப் பழைய ரெகுலேட்டர் வழியாக ஓட்டக் கூடாது. மாட்டிய எலக்ட்ரீஷியன் முறைப்படி ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தை மூடிவிட்டார். அதற்குப் பிறகு வேகத்தை மாற்ற ரிமோட் ஒன்றுதான் வழி. ஃபேனின் உடம்பிலோ சுவரிலோ வேறு பொத்தான் கிடையாது.

போன மார்கழியில் அந்த ரிமோட் கை தவறித் தண்ணீர் வாளிக்குள் விழுந்துவிட்டது. உலர்த்தியும் பயனில்லை. அன்று பகலில் விருந்தாளிகள் வந்திருந்ததால் ஃபேன் 5-இல் ஓடிக்கொண்டிருந்தது. சுவர் ஸ்விட்சை அணைத்துப் போட்டாலும் கடைசி வேகத்தை நினைவில் வைத்து மறுபடியும் 5-இலேயே சுற்றும். மார்கழிக் குளிரில் முழு வேகத்தில் காற்று, அணைத்தால் கொசு. அம்மா தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒன்பது இரவுகள் படுத்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. தொலைபேசியில் குரல் கட்டியிருந்ததை வைத்து நான் துருவிக் கேட்டபோதுதான் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட வேதனையை இங்கே எழுத முடியவில்லை.

சேவை மையத்துக்கு அழைத்தேன். அந்த மாடலுக்கு ரிமோட் இருப்பில் இல்லை, வரும்போது சொல்கிறோம் என்றார்கள். ஃபேனுக்கு இன்னும் உத்தரவாதம் இருக்கிறதே என்று கேட்டதற்குப் பில்லைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அம்மா பில்களைப் போற்றிப் பாதுகாப்பவர். 1980-களில் வாங்கிய மிக்ஸிக்குக் கார்பன் தாள் வைத்துக் கையால் எழுதிக் கொடுத்த பில் இன்றும் பீரோவில் இருக்கிறது. ஒவ்வோர் எழுத்தும் தெரிகிறது. ஃபேன் பில்லையும் அதே அக்கறையோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாள். சூடு பட்டால் கறுக்கும் பூச்சு கொண்ட அந்தத் தாளில் மை என்பதே இல்லை. நாள்பட வெயில் பட்டால் எழுத்து வெளுத்துப் போய்விடும். சில பிளாஸ்டிக் உறைகளும் அதை வெளுக்க வைத்துவிடும். மூன்று ஆண்டு உத்தரவாதம் தருகிறவர்கள் மூன்று ஆண்டு நிற்கிற பில்லைத் தர வேண்டாமா? ஒழுங்காக எடுத்து வைத்தவரைப் பார்த்து "பில் தெளிவாக இல்லை" என்று சொல்வது எந்த வகையில் நியாயம்? எந்தப் பொருள் வாங்கினாலும் பில்லைக் கடையிலேயே படம் எடுத்துவிடுங்கள்.

சரி, ரிமோட்டுக்கு வருகிறேன். சென்னையில் மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் ஒரு யுனிவர்சல் ரிமோட் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். மேலே சொன்ன இரண்டு மாலைகள் அதில் கழிந்தன. மூன்றாம் நாள் அம்மாவின் ரவிக்கைகளை வாங்கத் தையல் கடைக்குப் போனபோது தலைக்கு மேல் அதே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மேசை ஓரத்தில் அதே ரிமோட்.

அப்போதுதான் செட்டாப் பாக்ஸ் ரிமோட் நினைவுக்கு வந்தது. எங்கள் கேபிள் ரிமோட்டின் ஓரத்தில் கட்டம் போட்டு நான்கு பொத்தான்கள் இருக்கும்: டிவி பவர், ஒலி கூட்ட, ஒலி குறைக்க, ஏவி. டிவி ரிமோட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காக வைத்தவை அவை. எதிரே இருப்பது டிவி ரிமோட்டா ஃபேன் ரிமோட்டா என்று அவற்றுக்குத் தெரியாது. ரிமோட் அனுப்பும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடித்து, நீளமும் குட்டையுமாக விட்டுவிட்டு வருகிறது. கற்கும் ரிமோட் அந்த வரிசையை அப்படியே பதிந்துகொண்டு திருப்பி அனுப்பும், அவ்வளவுதான்.

"அண்ணே, உங்கள் ரிமோட்டைப் பத்து நிமிடம் தருவீர்களா" என்று தையல்காரரிடம் கேட்டேன். "இங்கேயே உட்கார்ந்து செய்யுங்கள் தம்பி" என்றார். வீட்டுக்கு ஓடி செட்டாப் பாக்ஸ் ரிமோட்டை எடுத்து வந்தேன். 'செட்' பொத்தானைச் சிவப்பு விளக்கு நிலையாக எரியும்வரை அழுத்திப் பிடித்து, கற்க வேண்டிய பொத்தானை ஒருமுறை அழுத்தி, ஃபேன் ரிமோட்டின் முனையை இதன் முனைக்கு நேராக இரண்டு விரல் இடைவெளியில் வைத்து, வேண்டிய பொத்தானை அழுத்தினேன். விளக்கு சிமிட்டி அடங்கினால் பதிந்துவிட்டது என்று பொருள். முதல் நான்கு முறை பதியவில்லை. வாசல் வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. உள்ளே காஜா மெஷின் பக்கம் தள்ளி உட்கார்ந்ததும் பதிந்தது. ரிமோட்டுக்கு ரிமோட் இந்த வரிசை சற்று மாறும். உங்களுடையதில் விளக்கு வேறு மாதிரி எரிந்தால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

இரண்டு முன்னெச்சரிக்கைகள். ஃபேன் ரிமோட் அகச்சிவப்பு வகைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்கு எதிரே ரிமோட்டை அழுத்தினால் முனையில் ஊதா நிறத்தில் ஒளி மினுங்கும். எதுவும் தெரியாமல், தலையணைக்கு அடியிலிருந்து அழுத்தினாலும் ஃபேன் கேட்கிறது என்றால் அது ரேடியோ அலையில் இயங்குவது. இந்த முறை அதற்கு உதவாது. அடுத்தது, உங்கள் ரிமோட்டும் முழுதாகப் போய்விட்டது என்றால் அதே மாடல் ரிமோட்டை யாரிடமாவது இரவல் வாங்கியே ஆக வேண்டும். ஒரே மாடல் ஃபேன்கள் பொதுவாக ஒரே சைகைக்குத்தான் பணிகின்றன. ஒரே அறையில் இரண்டு மாட்டியவர்களுக்கு இது தெரியும்.

அகச்சிவப்பு வசதி உள்ள கைப்பேசியே போதுமே என்று சிலர் எழுதுவீர்கள். என் அம்மாவிடம் இருப்பது பொத்தான் கைப்பேசி. கேபிள் ரிமோட்டோ இருட்டிலும் அவர் கைக்குப் பழகியது. டிவியைச் சுவர் ஸ்விட்சில்தான் அணைப்பார். ஒலியைச் செட்டாப் பாக்ஸ் பொத்தானில்தான் மாற்றுவார். எனவே அந்த நான்கு பொத்தான்களை எடுத்துக்கொண்டதில் அவருக்கு இழப்பு இல்லை. முதலாவது ஆன், ஆஃப். அடுத்த இரண்டும் வேகம் கூட்டவும் குறைக்கவும். நான்காவதில் நேராக 2-ஆம் எண் வேகத்தைப் பதித்தேன். அதுதான் அவருடைய இரவு வேகம். அந்தப் பொத்தானின் மேல் அம்மாவே கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிக்கொண்டார். விளக்கைப் போடாமலே விரலால் தடவி அழுத்திவிடுகிறார்.